எழுநூறு கிலோமீட்டருக்கு முன்பே

வண்டி மேலே போய்விட்டது. இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் தொங்க, அதன் அடிவயிற்றைப் பார்த்தபடி பொன்னுலிங்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடிவயிறு அவருக்குப் புதிதில்லை. முப்பத்தோரு வருஷம் ஒரு பஸ் கம்பெனியின் ஒர்க்ஷாப்பில் மல்லாந்து படுத்தே கழித்த மனுஷன், அதிலும் கடைசிப் பதினெட்டு வருஷம் தலைமை மெக்கானிக். புதிது நாற்காலிதான். இன்னொருவன் வேலை செய்ய, தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. "இன்னும் எழுநூறு கிலோமீட்டர் பாக்கி கெடக்கே, அதுக்குள்ள என்னத்துக்கு சர்வீசு?" என்று காலையில் ராஜகனி கேட்டாள். மலை ஏறணும், டப்பா கனம் வேற, எண்ணெய் மாத்திட்டா நிம்மதி என்று ஏதோ சொன்னார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. டப்பா என்று அவள் சொல்வது வண்டியின் பின்பக்கத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் அறையை. ஓய்வு பெற்ற பிறகு பிளைவுட்டும் தகரமும் வைத்து அவரே அடித்தது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர் டிரம், ஒரு ஜன்னல். அதோடு வண்டியைத் தூக்கினால் கூரை இடிக்கும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டதால், நான்கு மூலையிலும் ஜாக்கிக் கால்களை இறக்கி, வண்டியை மட்டும் அடியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு வந்தார்கள். இப்போது டப்பா வாசலில் வாகை மரத்தடியில் நான்கு கால்களில் தனியாக நிற்கிறது. ராஜகனி அதற்குள்தான் இருக்கிறாள். இறங்கு என்றால் இறங்க மாட்டேன் என்றுவிட்டாள், அரிசி களைந்தாகிவிட்டதாம். வண்டி இல்லாத வீட்டில் அவளும், வீடு இல்லாத வண்டிக்கு எதிரில் அவருமாக, நடுவில் முப்பதடி வெயில்.

எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் கயிறு போலத் தடிப்பாக, பிறகு நூலாக, பிறகு சொட்டாக. கறுப்புக்கூட இல்லை, பழுப்புதான். இன்னும் எழுநூறு என்ன, ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்கியிருக்கும். காமுத்துரை என்ற அந்த மெக்கானிக் விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தான். நாற்பது வயதிருக்கும், காதோரம் மட்டும் நரை. "எண்ணெய் நல்லாத்தானய்யா இருக்கு, இதப் போயி மாத்துறீங்க?" என்றான். இருக்கட்டும், மாத்திரு என்றார். ஒரு வேலையைத் தள்ளிப்போடச் சோம்பேறி தூங்குவான். வேலைக்காரன் இன்னொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வான். அவர் வேலைக்காரர். இங்கிருந்து ஒரு மணி நேரம் போனால் ராயப்பன்பட்டி. ராயப்பன்பட்டியில் பழைய டிரைவர் சவரியப்பன் வீடு. அங்கே போய்ச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதற்காகத்தான் இருபது நாளாகக் கடற்கரை, அருவி, அணை என்று சுற்றி, கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் பார்க்கணும் என்று ராஜகனி சொன்ன ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியை இந்தப் பக்கம் திருப்பியிருந்தார். ராஜகனிக்கு அது தெரியாது. போகிற வழியில் சவரியப்பனையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போவோம், கால் போன மனுஷன், என்று மட்டும் சொல்லியிருந்தார். அவள் சரி என்று ஹார்லிக்ஸ் வாங்கி வைத்திருந்தாள். சொட்டு, சொட்டு, சொட்டு. தகரத் தட்டில் எண்ணெய் விழுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார். விழுவது தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்ததைக் காது கேட்டதாகச் சேர்த்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு வந்து வெகுகாலம் ஆயிற்று. சில நேரம் தானே ஏமாந்துபோவார்.

வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் பேச்சு விழும். பேச்சுக்கு மேலே இருக்கிற எதுவும் விழாது. மணி விழாது, விசில் விழாது, போன் அடிப்பது விழாது, குருவி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. இது எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரு சத்தம் போய்விட்டது என்பதும் காதில் விழாதே. தெரியவந்த நாள் மட்டும் தெரியும். ராஜகனி எதிர்வீட்டுக்குப் போகும்போது மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க என்றாள். அவர் குக்கருக்கு எதிரிலேயே பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தார். விசிலே வரவில்லை. என்னடா இது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கருகல் வாடை வந்தது. அவள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். குக்கரின் தலையில் குண்டு ஆடிக்கொண்டிருந்தது, ஆவி பீய்ச்சிக்கொண்டிருந்தது, அவ்வளவும் ஊமைப்படம். கண்ணு அசந்துட்டேன் என்றார். அவள் கருகிய பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அன்றைக்கு இரவு முழுக்க அவர் நினைத்தது குக்கரைப் பற்றி இல்லை, நட்டைப் பற்றி. பஸ் சக்கரத்து நட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது ஒர்க்ஷாப்பில் காலை முதல் வேலை. இறுக்கமாக இருந்தால் ணங் என்று வெண்கலமாகப் பேசும். தளர்ந்திருந்தால் டொக் என்று கட்டையாக விழும். பத்து நட்டையும் ஒரே ஓட்டமாகத் தட்டிக்கொண்டு போனால் ஒரு ராகம் மாதிரி வரும், அதில் ஒன்று தப்பினால் தூக்கத்தில்கூட அவருக்குத் தெரியும். பொன்னுலிங்கம் தட்டிட்டாரா, அப்போ வண்டிய எடு என்பார்கள் டிரைவர்கள். மறுநாள் காலை போய்த் தட்டினார். டொக். டொக். டொக். பத்தும் டொக். நட்டுத் திருகும் ரிஞ்சை மாட்டிப் பார்த்தார், பத்தும் கல் மாதிரி இறுகியிருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது.

"ஃபில்டரையும் மாத்திரவாய்யா?" காமுத்துரை குனிந்து கேட்டான். மாத்திரு. "டீசல் ஃபில்டர்ல தண்ணி எறக்கி விட்டுர்றேன். பிரேக் ஷூ கழத்தித் தொடச்சுர்றேன், சரியா?" சரி. எல்லாவற்றுக்கும் சரி. ஒவ்வொரு சரிக்கும் ஒரு கால் மணி நேரம் கிடைக்கிறது. எதிரே கூல்டிரிங்ஸ் கடைக்காரன் பிளாஸ்டிக் வாளியால் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான், தெளித்த இடம் தெளிக்கத் தெளிக்கக் காய்ந்துகொண்டிருந்தது. அவருக்கு எதுவும் தோன்றவில்லை. இதைத்தான் அவர் யாரிடமும் விளக்கிச் சொல்ல முடியாது. பயம் என்றால் பயமில்லை. துக்கம் என்றால் துக்கமும் இல்லை. பல் பிடுங்கிய அன்று தாடையைத் தொட்டால் வேறு யாருடைய தாடையையோ தொட்ட மாதிரி இருக்குமே, அப்படி நாலு வருஷமாக இருக்கிறது. மருந்து இறங்கும், வலி வரும் என்று பல் டாக்டர் சொன்னார். அது சாயங்காலமே வந்துவிட்டது. இது வரவில்லை. மகள் சுபா கல்யாணத்தில் அவள் அழுதபோது கண்ணீர் வரட்டும் என்று காத்திருந்தார், வரவில்லை, வந்த மாதிரி துண்டால் துடைத்துக்கொண்டார். கன்னியாகுமரியில் சூரியன் விழுந்தபோது ராஜகனி அவர் கையைப் பிடித்தாள். கை பிடிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

விரலை வைத்திருக்கலாம். எத்தனை தரம் யோசித்தாலும் வண்டி இந்தப் பள்ளத்தில்தான் வந்து விழுகிறது. விரலை வைத்திருக்கலாம். நட்டின் ஒரு பக்கம் ஆள்காட்டி விரலை, பாதி நட்டிலும் பாதி சக்கரத்திலுமாக ஒட்டி வைத்துக்கொண்டு, மறுபக்கம் ஒரு தட்டுத் தட்டினால் போதும். தளர்ந்த நட்டு விரலுக்கடியில் துள்ளும். காது வேண்டாம், ராகம் வேண்டாம், எந்த மடையனும் பார்க்கலாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அவர்தான் விட மாட்டார். விரல எடுல, காது என்ன வாடகைக்கா விட்டிருக்க, என்பார். ஒர்க்ஷாப்பே சிரிக்கும். அப்படிச் சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கிய வாய். அந்தப் பொன்னுலிங்கம் ஒருநாள் காலையில் உட்கார்ந்து விரலை வைத்தால்? ஒருத்தன் பார்த்தால் போதும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் மேனேஜர் அறைக்குப் போய்விடும். காது கேட்காத மெக்கானிக்கை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? சுபா அப்போதுதான் காலேஜ் சேர்ந்திருந்தாள். அதனால் தட்டினார். மூன்று வருஷம் காலையில் தட்டினார். யாரும் இல்லாத நேரம் ரிஞ்சு வைத்து ஒரு சுற்றுப் பார்த்துவிடுவார், பெரும்பாலும் பார்த்துவிடுவார். ஆள் இருந்தால் தட்டிவிட்டுத் தலையை ஆட்டுவார். தலையாட்டுவதற்குக் காது வேண்டாமே.

நாலு வருஷத்துக்கு முந்திய ஐப்பசி மாதம், நசநசவென்று மழை. சவரியப்பன் சீட்டில் ஏறி இஞ்சினைப் போட்டுவிட்டான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணாச்சி, நேத்து எறக்கத்துல இடது முன்பக்கம் லேசா ஒரு ஆட்டம் இருந்த மாரி இருந்துச்சு, ஒரு தட்டு தட்டிப் பாருங்க" என்றான். சுற்றி நாலு பேர் நின்றார்கள், நேரம் ஆகிவிட்டிருந்தது, டிக்கெட் கொடுக்கிறவன் விசிலை வாயில் வைத்துக்கொண்டிருந்தான். ரிஞ்சு எடுத்து வரப் பத்தடி போக வேண்டும். எடுத்தால் என்ன அண்ணாச்சி ரிஞ்சா என்று எவனாவது கேட்பான். தட்டினார். பத்து நட்டு. பத்தும் டொக். எப்போதும் போல. சவரியப்பனை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். சவரியப்பன் ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போனான். அவன் அந்தக் கையைத் தூக்கியது நன்றாக நினைவிருக்கிறது, மோதிர விரலில் சாட்டின் துணி சுற்றியிருந்தது. ஏன் சுற்றியிருந்தான்? காயமா? வேளாங்கண்ணியில் கட்டியதா? இந்த இடத்துக்கு வந்தால் எப்போதும் துணியில் போய் மாட்டிக்கொள்கிறது மனசு. பத்தே முக்காலுக்கு மலை இறக்கத்தில் இடது முன்சக்கரம் கழன்று தனியாக ஓடியது. பஸ் பாலத்துச் சுவரில் ஏறி நின்றது. பயணிகளுக்குச் சின்னச் சின்ன அடி. சவரியப்பனுக்கு மட்டும் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போனது. உயிர்ச்சேதம் இல்லை என்று பேப்பரில் போட்டார்கள். கால் உயிரில் சேர்த்தியில்லை போல.

"பாத்தீரா?" என்றார் முதலாளி. "பாத்தேன் முதலாளி." "தட்டிப் பாத்தீரா?" "தட்டிப் பாத்தேன்." அது பொய்யில்லை. தட்டினார். பத்தும் தட்டினார். ரெஜிஸ்டரில் வீல் நட் சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். பொன்னுலிங்கம் தட்டினால் அப்பீல் கிடையாது. ஆகவே நட்டு சரியாகத்தான் இருந்தது. ஆகவே டிரைவர் வேகமாகத்தான் போயிருக்கணும். பள்ளத்தில் விட்டு போல்ட்டு முறிஞ்சிருக்கணும். சவரியப்பனுக்கு வேலை போயிற்று, ஆஸ்பத்திரியிலிருந்தே ஊருக்குப் போய்விட்டான். பள்ளம் இருந்தது என்னவோ நிஜம்தான். போல்ட்டு முறிந்துமிருக்கலாம். நட்டு இறுக்கமாகவே இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்பதுதான் நாலு வருஷமாக அவர் படுத்து எழுகிற பாய். இறுக்கமாக இருந்ததா, தளர்ந்திருந்ததா? அந்தச் சத்தம் அவருக்கு முன்னாலேயே பத்து தரம் வந்தது, வந்து சொல்லிவிட்டுப் போனது, அவருக்குத்தான் கேட்கவில்லை. உலகத்தில் வேறு யாருக்கும் இனி அது தெரியப்போவதில்லை. தப்புச் செய்தேன் என்று தெரிந்தாலாவது அழலாம். காதுக்கு மிஷின் வைக்கச் சொல்லிச் சுபா ஒரு தரம் டாக்டரிடம் கூட்டிப்போனாள். உள்ளே போனால் முதல் கேள்வி எப்போதிலிருந்து என்றுதான் இருக்கும். எழுதிக்கொள்வார்கள். காகிதத்தில் வருஷம் விழும். சாவி எடுக்க மறந்துட்டேன் என்று சொல்லிப் படியிறங்கி வந்துவிட்டார். பிறகு சுபா வற்புறுத்தவில்லை.

"அய்யா." காமுத்துரை அவர் தோளைத் தொட்டான். முதலில் கூப்பிட்டிருப்பான் போல. "உங்க வீட்ல விசில் அடிச்சுக்கிட்டே இருக்கு, அம்மா கீழ எறங்கி நிக்குறாங்க. அடுப்ப அமத்தணுமோ என்னமோ." திரும்பினார். டப்பாவின் ஜன்னலில் ஆவி தெரிந்தது. ராஜகனி வாகை மரத்தடியில் நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள்? பிறகு நிதானமாக ஏறி உள்ளே போனாள். ஆவி நின்றது. இவ்வளவு நாளாக ஒரு விஷயம் அவருக்கு விளங்காமலே இருந்தது, இப்போது நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்ததால் விளங்க ஆரம்பித்தது: குக்கர் கருகிய நாளுக்குப் பிறகு விசில் எண்ணும்படி அவள் அவரிடம் சொன்னதே இல்லை. ஒரு தரம்கூட. வண்டி திரும்பியதும் இண்டிகேட்டர் அணையாமல் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே போகுமாம்; அவளே சொல்லுவாள், "இண்டிகேட்டர்" என்று ஒரு வார்த்தை, அதட்டாமல், ஏன் மறந்தீர்கள் என்று கேட்காமல். நொய்நொய்யென்று இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பைப் பிடித்து மேலே இழுப்பதற்குள் கிரீஸ் வாடை வந்தது, காமுத்துரை பம்பை அடித்தான், யோசனை அறுந்துவிட்டது.

கழற்றிய சக்கரங்கள் மறுபடி ஏறின. ஒவ்வொன்றுக்கும் ஆறு நட்டு. நட்டு இறுக்குகிற காற்றுக் கன் உறுமியது, அந்த உறுமல் மட்டும் அவருடைய இடது காதுக்கு எட்டியது, நாற்காலிக் கால் வழியாக உடம்புக்கும் ஏறியது. வண்டி இறங்கித் தரையில் உட்கார்ந்தது. காமுத்துரை மறுபடி ஒரு நீளமான ரிஞ்சை வைத்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான். நல்ல வேலைக்காரன். குறை சொல்ல ஒன்றுமில்லை, சரி சொல்ல வேண்டிய வேலையும் இனி ஒன்றுமில்லை. இனி டப்பாவை ஏற்ற வேண்டியது, போக வேண்டியது. ஒரு மணி நேரம். கண்ணாடியைத் துடைக்கச் சொல்லலாமா? ஸ்டெப்னியில் காற்று? அப்போது காமுத்துரை பெஞ்சின் மேலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து, பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினான். "நீங்க பஸ் கம்பெனி ஆளுன்னு அம்மா சொன்னாங்க. உங்க திருப்திக்கு ஒரு தட்டு தட்டிப் பாத்துக்கங்கய்யா. நம்ம எறுக்குனது எறுக்குனதுதான், ஆனாலும் பழைய காது பழைய காதுதான?" மரியாதையாகத்தான் சொன்னான்.

சுத்தியல் கைக்கு வந்துவிட்டது. இடது முன்சக்கரத்துக்கு எதிரில் அவர் குந்தியாகிவிட்டது, முட்டி தானாக மடங்கியது, மணிக்கட்டு தானாக ஏறியது. தட்டினார். டொக். தட்டினார். டொக். மூன்றாவதைத் தட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தார். காமுத்துரை தலையைச் சாய்த்துக்கொண்டு அவருடைய தலையாட்டலுக்காகக் காத்திருந்தான். அவனுக்குப் பின்னால் ராஜகனி, கையில் ஒரு சொம்பு மோரோடு வந்து நின்றிருந்தாள். தலையை ஆட்டுவது எவ்வளவு சுலபம். கழுத்து அதற்குத் தயாராகவும் இருந்தது.

"எனக்கு இந்தச் சத்தம் கேக்காதுய்யா," என்றார் பொன்னுலிங்கம். "ஆறு வருசமாக் கேக்காது. தட்டுனா தட்டுனதுதான். ஒண்ணும் கேக்காது."

வாக்கியம் வெளியே வந்துவிட்டது. ராயப்பன்பட்டிக்கென்று வைத்திருந்த வாக்கியம், முன்பின் தெரியாத ஒருத்தனிடம், கிரீஸ் படிந்த சிமெண்டுத் தரையில். கூரை அப்படியே இருந்தது. எதிர்க்கடைக்காரன் இன்னும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். காமுத்துரைக்கு இதில் பெரிதாக என்ன இருக்கிறது என்று புரிந்த மாதிரியே தெரியவில்லை. "அதுக்கென்னய்யா," என்றான். "வெரல வச்சுப் பாருங்க. நான்லாம் அப்படித்தான் பாப்பேன். வெரல இங்கிட்டு வைங்க, அங்கிட்டு தட்டுங்க. அம்புட்டுத்தான?"

அம்புட்டுத்தான். விரலை வைத்தார். தட்டினார். நட்டு அசையவில்லை. அடுத்தது. அசையவில்லை. சக்கரத்திலிருந்து சக்கரத்துக்குக் குந்தியபடியே நகர்ந்தார், ஒரு நட்டையும் விடவில்லை, இருபத்து நாலும் பார்த்தார், இருபத்து நாலும் கல்லாக இருந்தன. பார்த்த பிறகு இடது முன்சக்கரத்துக்குத் திரும்பி வந்து அந்த ஆறையும் இன்னொரு தரம் பார்த்தார். விரல் நுனியில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அதிர்வு வந்து வந்து போயிற்று. எரிந்தது. லேசாகத்தான், ஆனாலும் எரிந்தது. வலிக்கிறது என்று அவருக்கே ஒரு ஆச்சரியம். "போதும்ங்க, எந்திரிங்க" என்று ராஜகனி இடது பக்கமாக வந்து குனிந்து சொன்ன பிறகுதான் எழுந்தார். மோரைக் குடித்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சொம்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டியைப் பின்னால் எடுத்து டப்பாவின் கால்களுக்கு நடுவே நுழைத்து, ஜாக்கிகளை ஏற்றி, நான்கு கொக்கிகளையும் மாட்டி முடிக்க அரை மணி ஆயிற்று. காமுத்துரை கண்ணாடி மூலையில் அடுத்த சர்வீஸ் எத்தனையாவது கிலோமீட்டரில் என்று எழுதி ஒட்டினான். பார்த்துப் போங்கய்யா என்றான். பைபாஸில் ஏறி ஒரு மைல் தூரம் போயிற்று. புளியமரங்கள் போயின. அவள் பேச மாட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறுன்னு சொன்னிய," என்றாள் ராஜகனி, ரோட்டைப் பார்த்தபடி. "ஏழு. சுபா காலேஜ் சேந்த வருசம். குக்கர் கருகுனது அப்பந்தான்."

ஸ்டீயரிங்கில் அவருடைய விரல்கள் தெரிந்தன. ஆள்காட்டி விரல் சிவந்திருந்தது.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம? குண்டு அந்த ஆட்டம் ஆடுது, நீங்க பேப்பரத் திருப்பிட்டு இருக்கிய. அசந்து தூங்குற ஆளு பேப்பரத் திருப்புவாரா? அன்னைலேருந்து ஒங்க இடது பக்கமாத்தான நடக்கேன், இடது பக்கமாத்தான படுக்கேன். நட்டப் பத்தியும் தெரியும். வேலைக்குப் போன புதுசுல வாய் ஓயாம அந்தச் சத்தத்தப் பத்தித்தான சொல்லுவிய." பிறகு குரல் மாறாமலே சொன்னாள். "முதலாளி வீட்டம்மாட்ட சொல்லிருவோம்னு ரெண்டு தரம் அவுக வாசல் வரைக்கும் போனேன். பொண்ணு படிப்பு முடியட்டும்னு திரும்பி வந்துட்டேன். படிப்பு முடியுமுன்ன சவரியப்பனுக்குக் கால் போயிட்டு."

எதிரே ஒரு லாரி வந்து கடந்தது. நாலு வருஷமாக ஒரே கூரைக்கு அடியில், ஒரே கட்டிலில், அதே பஸ்ஸின் அதே சக்கரத்தை இரண்டு பேரும் தனித்தனியாக உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். திராட்சைத் தோட்டம் என்று அவள் சொன்னது. அவள்தான் முதலில் சொன்னது. திராட்சை அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது, புளிப்பென்பாள்.

"அதுக்குத்தான் இந்தப் பக்கம் வரச் சொன்னியா?"

"பின்ன? வீட்டுல வச்சு ஒங்ககிட்ட ஒண்ணு பேசணும்னா கத்தணும். கத்திப் பேசுற விசயமா இது? இந்த வண்டியிலதான் ஒங்க இடது காதுக்குப் பக்கத்துல உக்காந்து நான் மெதுவாப் பேசினாலும் ஒங்களுக்குக் கேக்கு. அதுக்குத்தான் டப்பா அடிச்சு ஊரு சுத்துவோம்னு நீங்க சொன்னதும் சரின்னேன். இருபது நாளா வாயத் தெறக்கப் பாக்கேன், வரல. இன்னைக்கு நீங்க சர்வீசுன்னு போயி உக்காந்ததும் எனக்கும் அப்பாடான்னுதான் இருந்துச்சு."

அவர் சிரித்தாரா என்பது அவருக்கே நிச்சயமில்லை. கண் கலங்கி ரோடு மங்கியது. துண்டால் துடைத்தார், இந்த முறை துடைக்க ஏதோ இருந்தது. சின்னமனூர் போயிற்று. உத்தமபாளையத்துக்குள் நுழைந்தபோது கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. ராயப்பன்பட்டிக்கு வழி கேட்டு ராஜகனிதான் ஜன்னலில் தலையை நீட்டினாள். வரும் பதிலைக் கேட்டு அவரிடம் திரும்பச் சொன்னாள்.

"அங்க போயி," என்றாள், "அவர ஒங்களுக்கு இடது பக்கம் ஒக்கார வைங்க. நான் அங்கிட்டுத் தள்ளி ஒக்காந்துக்கிடுதேன். நீங்க சொன்னது போக அவரு என்ன சொன்னாலும் ஒங்களுக்கு முழுசாக் கேக்கணும்."

சரி என்றார். ரோடு பிரிகிற இடம் வந்தது. கையை நீட்டிப் பலகையைக் காட்டினாள். திருப்பினார். இரண்டு பக்கமும் பந்தல் போட்ட தோட்டங்கள், அதற்கப்பால் மலை.

"இண்டிகேட்டர்," என்றாள்.

அணைத்தார்.